நம்மைத் தெரிந்திருந்த காக்கைகள்

2024 ஆகஸ்ட்டில் கோயமுத்தூர் உக்கடம் மேம்பாலம் திறந்த பிறகுதான் எங்கள் பகுதியைக் காக்கையின் உயரத்திலிருந்து பார்க்க வாய்த்தது. ஆத்துப்பாலத்தில் ஏறி வந்தால் இடது கைப்பக்கம் பெரியகுளம், 320 ஏக்கர், ஒரே பார்வையில் விரிகிறது. வலப்பக்கம் தள்ளி வாலாங்குளம். நடுவில் கரும்புக்கடை வீடுகளின் மொட்டைமாடிகள், மூடி போட்ட தண்ணீர்த் தொட்டிகள், துணி காயும் கொடிகள். வண்டியை நிறுத்த முடியாது. நிறுத்தினால் பின்னால் வருகிற பாலக்காட்டு பஸ் ஹாரனிலேயே தள்ளிவிடும். ஆனாலும் அந்தச் சில நிமிடங்களில் ஒன்று விளங்கிவிடுகிறது. குளம் எந்தப் பக்கம் முதலில் வற்றும், மீன் லாரி எப்போது வரும், எந்த வீட்டில் இன்றைக்கு அமாவாசை, எந்த வீட்டில் கறி என்று இவ்வளவு நாளும் மேலேயிருந்து கணக்கு வைத்திருந்தவை காக்கைகள். நாங்கள் காக்கையைப் பார்த்து வளர்ந்தோம் என்று சொன்னால் அது பாதிதான். மீதிப் பாதியில் அவை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

குளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக ஆறேழு குடித்தனம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே சீமை ஓட்டுக் கூரை, பின்னால் பொதுவான பொடக்காளி, அதைச் சுற்றி இடுப்புயரத்துக்கு ஒரு சுவர். அந்தச் சுவர் காக்கைகளுடையது. அம்மாவைப் பெற்ற அமுச்சி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினால் முதல் உருண்டை அங்கேதான் போகும். சோற்றை வைத்துவிட்டுப் போசியின் விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். மற்ற வீட்டுப் பெண்கள் மாதிரிக் 'கா கா' என்று கூப்பிட மாட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "கூப்புட்டாத்தான் வாரதுக்கு அவிய என்ன ஒரம்பரையா கண்ணு? இந்த ஊட்டுக்காரவிய. நேரந் தெரியும்" என்றாள்.

முதலில் வந்து உட்காருவது ஒரு காலில் விரல் மடங்கிப்போன காக்கை. அமுச்சி அதைத் தன் புருஷன், எங்கள் அப்பச்சி என்றே வைத்துக்கொண்டாள். அப்பச்சிக்கு மில்லில் கார்டிங் மிஷினில் ஒரு விரல் போயிருந்தது, அதனால் அவளுக்குச் சந்தேகமே இல்லை. காக்கை வர ஆரம்பித்தது அப்பச்சி செத்த பிறகா, அதற்கு முன்னாலேயேவா என்று என் மாமா ஒருமுறை கேட்டு, கரண்டியாலேயே வாங்கினார்.

அந்தக் காக்கையிடம் எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. அமுச்சி தட்டினால் வரும். நான் தட்டினால் வராது. அதே போசி, அதே கரண்டி, அதே நேரம். பக்கத்து வீட்டு ஓட்டு முகட்டில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும். அமுச்சி தாவாரத்தில் வந்து நின்றால்தான் இறங்கும். சத்தம் அதற்குப் போதவில்லை, ஆளும் சரியாக இருக்க வேண்டும். அமுச்சி அவிநாசிக்குப் போய்ச் சில வாரம் தங்கியிருந்தபோது, காலையில் சுவரில் வந்து உட்கார்ந்து, திறந்திருந்த பொடக்காளிக் கதவையே பார்த்துவிட்டு, நான் வைத்த சோற்றை வேறு காக்கைகள் தின்ன விட்டுவிட்டுப் போனது. திரும்பி வந்த அமுச்சியிடம் சொன்னதும் அவள் அழுதுவிட்டாள். எனக்கோ பொறாமை.

அந்தக் காலத்துக் கோயமுத்தூரில் நேரம் என்பது மில் சங்கு. பொழுது விடிவதும் ஷிப்டு மாறுவதும் சங்கில்தான். மத்தியானச் சங்குக்கு முன்னால் தூக்குப்போசிகளோடு பெண்களும் பையன்களும் மில் கேட்டுக்குப் போவோம். எங்களுக்கு முன்னால் காக்கைகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சங்கு ஊதிய பிறகு கிளம்பி வந்தவை இல்லை அவை. ஊதுவதற்கு முன்பே இடம் பிடித்தவை. ஞாயிற்றுக்கிழமை அந்த மதில் காலியாகக் கிடக்கும். வாரவிடுமுறை காக்கைக்கு எப்படித் தெரியும் என்று வாத்தியாரிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுதில்ல, அது மாதிரித்தான்" என்றார். அன்றைக்கு அது பதில் மாதிரியே படவில்லை. இப்போது யோசித்தால் அதைவிடச் சரியான பதில் கிடையாது.

ஆனால் உக்கடத்துக் காக்கையின் முழுச் சாமர்த்தியத்தையும் பார்க்க வேண்டுமானால் மீன் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். ராமேஸ்வரம், தூத்துக்குடி, கேரளக் கரை என்று விடிவதற்கு முன்னால் லாரிகள் வந்து நிற்கும். பெட்டி இறக்கும்போது ஐஸ் தண்ணீரோடு வழிகிற மத்தியும் அயிலையும் தரையில் சிதறும். காக்கைகள் மரத்திலிருந்து இறங்குவது அப்போதல்ல. முதல் பெட்டி ஏலம் போகிறவரை பொறுத்திருக்கும். ஆள் நடமாட்டம் முழுக்கப் பெட்டிப் பக்கம் திரும்பியதும் இறங்கும். அதிலும் ஒழுங்கு இருந்தது. மீன் வெட்டுகிற கட்டைகளுக்கு அருகே வருபவை வேறு, கழிவுக் கூடையைச் சுற்றுபவை வேறு. கட்டைக்காரர்களில் யார் செவுளை எட்டி வீசுவார், யார் கத்தியை ஓங்குவார் என்று அவற்றுக்கு அத்துப்படி. கத்தி ஓங்குகிறவரிடம் கத்தி எட்டாத தூரத்தில், ஒரு முழம்கூட வீணாக்காமல், அவ்வளவு சரியாக நிற்கும்.

எங்களுக்கு மீன் கொடுத்துக்கொண்டிருந்த பாய் கடையோரம் ஒரு நாய் இருந்தது. அது ஒரு தலையைக் கவ்விக்கொண்டு படுத்தால் இரண்டு காக்கைகள் வரும். ஒன்று முன்னால் சும்மா நிற்கும். இன்னொன்று பின்னால் போய் வாலைப் பிடித்து இழுக்கும். நாய் சீறித் திரும்புகிற அந்தக் கணத்தில் முன்னால் நின்றது தலையை எடுத்துக்கொண்டு போய்விடும். தினமும் நடக்கும். நாய் தினமும் திரும்பும். பாய் சிரித்துச் சிரித்து, "வாலைப் பத்திரமா வெச்சிருந்தவன் எவன் பொழச்சான் ஆத்தா" என்று அமுச்சியிடம் சொல்வார்.

இந்த வால் இழுக்கும் வேலையை உக்கடத்துக் காக்கைகள் மட்டும் கண்டுபிடிக்கவில்லை என்று வெகுநாள் கழித்து, உக்கடம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் பறவைப் புத்தகம் தேடி அலைந்த வயதில் தெரிந்துகொண்டேன். காக்கைக் குடும்பத்தின் பெரியண்ணன் ரேவன். நம் நாட்டில் ராஜஸ்தான் பாலை நிலத்திலும் இமயமலையிலும் உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. நமக்கு இருப்பவை சாம்பல் கழுத்துள்ள ஊர்க்காக்கையும், முழுக்கருப்பான, அலகு தடித்த அண்டங்காக்கையும்தான். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் காட்டுக்கு 1995இல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, ரேவன்கள் அந்தக் கூட்டங்களின் பின்னாலேயே போக ஆரம்பித்தன. ஓநாய் அடிக்கிற மானில் பங்கு கிடைக்கும். சும்மா இருக்கிற நேரத்தில் ஓநாயின் வாலை இழுத்து வேடிக்கையும் பார்க்கும். நம் ஊர்க்காக்கைக்கு ஓநாய் இல்லை, மீன் லாரி இருந்தது. சொல்லப்போனால் நாம்தான் அதன் ஓநாய். மனிதக் குடியிருப்பை விட்டு விலகிய இடத்தில் இந்த இனம் வாழ்வதே இல்லை. கப்பலேறிச் சான்சிபாருக்கும் மொம்பாசாவுக்கும் போனது. மலேயாவின் கிள்ளானுக்கு 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். போன இடமெல்லாம் பெருகி, 2024இல் கென்யா பத்து லட்சம் காக்கைகளைக் கொல்லப்போவதாக அறிவிக்கும் அளவுக்கு வந்தது. அங்கேயும் அவை முதலில் கற்றுக்கொண்டது மனிதர்களின் நேரத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

காக்கை தன் சுற்றத்தைக் கூப்பிட்டு உண்ணும் என்று வள்ளுவர் 'சுற்றந்தழால்' அதிகாரத்தில் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அதைப் பங்கிட்டு உண்ணும் குணத்துக்குச் சான்றாகச் சொல்லித் தந்தார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காட்டில் பெர்ன்ட் ஹைன்ரிக் என்ற உயிரியலாளர் 1980களில் பனிக்காலம் முழுக்கச் செத்த மாட்டையும் ஆட்டையும் இழுத்துப் போட்டு ரேவன்களைக் கவனித்தார். செத்த விலங்கைக் கண்டதும் சில ரேவன்கள் ஏன் கத்தி ஊரைக் கூட்டுகின்றன, ரகசியமாகத் தின்றால் என்ன என்பது அவர் கேள்வி. அந்த இடத்தைச் சொந்தம் கொண்டாடும் வயதான ஜோடி கத்துவதில்லை. கத்துவது சொந்த இடமில்லாத இளவட்டங்கள். தனியாகப் போனால் ஜோடி அடித்து விரட்டும். கூட்டமாகப் போனால் விரட்ட முடியாது. ஆகவே கூப்பிடுகின்றன. வள்ளுவர் பார்த்ததைத்தான் அவரும் பார்த்தார், அதற்குப் பின்னாலிருந்த கணக்கையும் சேர்த்து. எனக்கு அந்தக் கணக்கில் குறையொன்றும் தெரியவில்லை. எங்கள் லைன் வீட்டில் ஆறேழு குடித்தனமும் ஒற்றுமையாக இருந்ததும் வீட்டுக்காரர் வாடகை ஏற்ற வரும்போதுதான்.

காக்கை கரைந்தால் அமுச்சி, "ஒரம்பரை வருதாட்டக்குது" என்று உலையில் ஒரு படி கூடப் போடுவாள். இந்த நம்பிக்கையைப் பாடித்தான் சங்க காலத்தில் ஒரு பெண்புலவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பேர் பெற்றார். சேர மன்னன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடியவரும் அவரே. சேரன் ஆண்ட கொங்கில் அந்த நம்பிக்கை இரண்டாயிரம் வருஷம் கழித்தும் உலையில் ஒரு படி அரிசியாக இருந்தது. அதே கொங்கின் கிழக்கு ஓரத்தில், குளித்தலை பக்கத்து அய்யர்மலையைக் காகம் பறவா மலை என்பார்கள். அபிஷேகப் பாலைக் கவிழ்த்த காக்கை எரிந்துபோனதாகக் கதை. பாலைக் கவிழ்த்தது, அகத்தியர் கமண்டலத்தைக் கவிழ்த்தது என்று புராணத்தில் காக்கைக்குக் கிடைத்த வேலையெல்லாம் கவிழ்க்கிற வேலைதான். எங்கள் வீட்டு வடகத்தட்டு அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன், புராணக்காரர்கள் காக்கையை நன்றாகப் பார்த்தவர்கள்.

இனிக் கேபிள் அண்ணன் கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்தபோது ஒயர் இழுத்துக் கட்டியவர். தெரு முனையில் ஒரு பூவரச மரம். அதில் காக்கைக் கூடு. சுள்ளி பாதி, கம்பி பாதி. கோயமுத்தூர்க் காக்கைக்குக் கம்பிக்கா பஞ்சம்? மோட்டார் காயில் கட்டுகிற கடைகளிலிருந்து செம்புக் கம்பித் துண்டு, கட்டட வேலைக் கட்டுக்கம்பி, துணி மாட்டுகிற ஹேங்கர் என்று பின்னிப் போட்டிருக்கும். ஒயர் அதில் மாட்டிக்கொண்டது. அண்ணன் ஏறிக் கூட்டைத் தள்ளிவிட்டார். குஞ்சு இருந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றுவார்.

அன்று மாலையே ஆரம்பித்தது. தெருவில் அவர் தலை தெரிந்தால் எங்கிருந்தோ வந்து உச்சந்தலையில் தட்டிவிட்டுப் போகும். சட்டையை மாற்றிப் பார்த்தார். தொப்பி போட்டார். சைக்கிளில் வேகமாகப் போனார். விடவில்லை. அச்சு அவர் மாதிரியே இருக்கிற அவருடைய தம்பி அதே தெருவில் அதே சைக்கிளில் போவான், ஒன்றும் செய்யாது. கடைசியில் அண்ணன் வெயிலோ மழையோ குடையோடுதான் தெருவுக்குள் வருவார் என்றாயிற்று. சனிக்கிழமை எள்ளுச்சோறு வைத்துப் பார்த்தார். காக்கைகள் சோற்றைத் தின்றுவிட்டு அவரையும் தட்டின.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஜான் மார்ஸ்லஃப் இதையே சோதனையாகச் செய்தார். 2006இல் அவருடைய குழு குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, அடையாள வளையம் மாட்டி விட்டது. அதன் பிறகு அந்த முகமூடியோடு யார் வளாகத்தில் நடந்தாலும் காக்கைகள் சூழ்ந்து கத்தின. கிழவர் போட்டாலும் பெண் போட்டாலும், நடையை மாற்றினாலும் ஏமாறவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, அப்போது துணை அதிபராக இருந்த டிக் செய்னியின் முகமூடியையும் போட்டுக்கொண்டு போனார்கள். அவரைக் காக்கைகள் ஒன்றும் சொல்லவில்லை. மனிதர்களும் காக்கைகளும் ஆளை எடைபோடும் விதம் வேறு என்று வைத்துக்கொள்ளலாம். இதில் என்னைக் கட்டிப்போட்டது அடுத்து நடந்தது. வருஷங்கள் போகப் போகக் கத்துகிற காக்கைகள் கூடின. பிடிபட்ட ஏழைத் தாண்டி, பிடித்ததையே பார்க்காதவை, அப்போது பிறந்தேயிராதவை எல்லாம் அந்த முகத்தைக் கண்டால் கத்தின. தாய் கத்துவதைப் பார்த்துக் குஞ்சு கற்றுக்கொள்கிறது. அந்தக் கோபம் அடங்கப் பதினேழு வருஷம் ஆயிற்று.

எங்கள் சீமை ஓட்டுக் கூரை காக்கைகளுக்கு அலமாரியாகவும் இருந்தது. எலும்பையோ ரொட்டித் துண்டையோ ஓட்டு இடுக்கில் செருகிவிட்டு, மேலே ஒரு சருகை வைத்து மூடும். மூடுவதற்கு முன் நாலாபக்கமும் பார்க்கும். இன்னொரு காக்கை பார்த்துவிட்டது என்று தெரிந்தால் வெளியே எடுத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் ஏறினால் கூடை நிறைய எலும்பு இறங்கும். சைவ வீட்டுக் கூரையிலிருந்தும் இறங்கும், அன்றைக்கு லைன் முழுக்க ஒரே சிரிப்பு. வியன்னாவில் தாமஸ் புக்ன்யர் குழுவினர் ரேவன்களை வைத்து இந்தத் திருட்டுப் பயத்தை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். பக்கத்து அறையிலிருந்து ரேவன் சத்தத்தை ஒலிபரப்பினார்கள். அங்கே பறவையே இல்லை. நடுச் சுவரில் ஒரு சின்ன ஓட்டை. ஓட்டை மூடியிருந்தால் ரேவன் சாவகாசமாக ஒளித்து வைத்தது. திறந்திருந்தால் யாரோ பார்ப்பதாக எண்ணி அவசர அவசரமாக மூடியது. முன்பு தானும் அந்த ஓட்டை வழியாகப் பார்த்துப் பழகியிருந்ததால், இன்னொருவன் அதன் வழியாகத் தன்னைப் பார்க்க முடியும் என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. கண்ணில் படாத ஒருவனுடைய கண்ணை நினைத்து நடந்துகொள்வது. லைன் வீட்டில் வளர்ந்த யாருக்கும் இந்த வித்தை புதிதல்ல.

ஒரு மழைநாளில் டிரான்ஸ்பார்மரில் அடிபட்டு ஒரு காக்கை தெருவில் விழுந்தது. அரை நிமிடத்துக்குள் வானம் கறுத்துவிட்டது. குளத்துப் பக்கமிருந்து, மார்க்கெட்டிலிருந்து, கோட்டைமேட்டுப் பக்கமிருந்து எல்லாம் வந்து ஒயரிலும் ஓட்டிலும் உட்கார்ந்து கத்தின. பிறகு ஒரேயடியாக ஓய்ந்தன. ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. பாய் தம் கடைச் சாக்கில் அதை எடுத்துக்கொண்டு போய்க் குளத்தோரம் குழி தோண்டினார். நானும் போனேன். காபில் தன் தம்பி ஹாபிலைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது அல்லா ஒரு காக்கையை அனுப்பினான், அது மண்ணைக் கிளறிக் காட்டியது, மனுசன் அடக்கம் பண்ணக் கற்றுக்கொண்டது காக்கையிடம்தான் என்று மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "நமக்கு வாத்தியார்டா இது. வாத்தியாரைத் தெருவுல போட்டுட்டுப் போலாமா?" வீட்டுக்கு வந்து அமுச்சியிடம் சொன்னேன். அவள் அதற்குள் தலை முழுகியிருந்தாள். சுவரில் வந்து உட்காருவது ஒரே காக்கைதான். இந்தப் பக்கத்து வீட்டுக்கு அது செத்துப்போன அப்பச்சி, அந்தப் பக்கத்துக் கடைக்கு அது முதல் வாத்தியார். இரண்டு பேரும் இதைப்பற்றி ஒருநாளும் தர்க்கம் செய்ததில்லை.

அந்தக் கூட்டம் துக்கத்துக்கு வந்ததா? மார்ஸ்லஃபின் மாணவி கெய்லி ஸ்விஃப்ட் செத்த காக்கையைக் கையில் ஏந்திய முகமூடி ஆட்களை நிறுத்திச் சோதித்தார். 2015இல் முடிவுகள் வந்தன. காக்கைகள் கூடிக் கத்தின, அந்த ஆளை நினைவில் வைத்துக்கொண்டன, அங்கே வைத்த தீனிக்கு வரவும் தயங்கின. எங்கே ஆபத்து, யாரால் ஆபத்து என்று தெரிந்துகொள்ளத்தான் கூடுகின்றன என்கிறது ஆராய்ச்சி. ஏற்கிறேன். ஆனால் எங்கள் ஊர் எழவு வீட்டுக்கு வருகிறவர்களும் முதலில் கேட்பது "எப்படி ஆச்சுங்க?" என்பதைத்தான்.

இத்தனை விவரமான பறவையைக் குயில் ஏமாற்றிவிடுகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் குயில் கோபித்துக்கொள்ளும். ஆண்குயில் கூட்டருகே கத்தி வம்பிழுக்க, காக்கை விரட்டிக்கொண்டு போன நேரத்தில் பெண்குயில் முட்டையிட்டுவிடும். குயில்குஞ்சு காக்கைக்குஞ்சுக்கு முன்னால் பொரிந்து, முதல் தீனியை வாங்கிக்கொள்ளும். ஆயிரம் முகம் தெரிந்தவளுக்குத் தன் கூட்டுக்குள் இருக்கிற முகம் தெரியவில்லை.

மாலையில் அடையப் போகும் நேரம்தான் உக்கடத்தில் அழகு. பொழுது சாயும்போது குளத்துக்கு மேலே தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரிசை வரிசையாக வரும். நேரே மரத்துக்குப் போகாது. முதலில் கரைமேட்டிலும் ஒயர்களிலும் கூடி அன்றைய நாள் முழுவதையும் பேசித் தீர்க்கும். இருட்டிய பிறகு தூங்குமூஞ்சி மரங்களுக்குள் ஒரே வீச்சில் இறங்கும். எங்கே நல்ல தீனி என்ற சேதி இப்படிக் கூடுகிற இடங்களில் கைமாறுகிறது என்று ஹைன்ரிக்கும் மார்ஸ்லஃபும் ரேவன்களிடம் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். பொள்ளாச்சி ரோட்டிலும் மேட்டுப்பாளையம் ரோட்டிலும் அகலப்படுத்தலுக்குப் பெருமரங்கள் போயின. எங்கள் பக்கத்து மரங்களும் ஒன்றொன்றாகப் போயின.

1998 பிப்ரவரியில் ஊரில் தொடர்குண்டு வெடித்த பிறகு தெருக்கள் அடைந்து கிடந்தன. மார்க்கெட் இல்லை, லாரி இல்லை, துப்பாக்கியோடு நின்றவர்களைத் தவிர ஆளில்லை. பாய் குடும்பத்தோடு எங்கே போனார் என்று தெரியவில்லை. அவர் கடை மூடியிருந்த பலகைமேல் காக்கைகள் அந்தந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்து எழுந்து போயின. அமுச்சி அந்த நாட்களில் இரண்டு உருண்டை வைத்தாள். இன்னொன்று யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. பாய் சில மாதம் கழித்து வந்தார். பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டார்.

விரல் மடங்கிய காக்கை எப்போது வராமல் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அமுச்சிக்குத் தெரிந்திருக்கும், அவள் சொல்லவில்லை. அவளுடைய கருமாதி அன்று சுவரில் வாழையிலை போட்டுப் படைத்துவிட்டு எல்லாரும் நின்றோம். காக்கை வரவில்லை. "என்ன கொறை வெச்சமோ" என்று அத்தைகள் அழ, மாமா நடு வெயிலில் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். ஓட்டு முகட்டில் இரண்டு காக்கைகள் இருந்தன. முகந்தெரியாத ஒரு கூட்டம் தங்கள் சுவரை அடைத்துக்கொண்டு நிற்பதைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தன. செத்தவளுக்குக் குறை இருந்ததோ இல்லையோ, அவற்றுக்கு இருந்தது. எல்லாரையும் சாப்பிட உள்ளே கூப்பிட்ட பிறகு இலை காலியாயிற்று.

லைன் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடி நிற்கிறது, ஓடு கிடையாது, பொடக்காளி கிடையாது. குளத்தை 2013இல் ஊரே கூடித் தூர் வாரியது. பிறகு கரைக்குக் கல் பாவி, நடைபாதையும் விளக்கும் போட்டு, தண்ணீர் மேல் சூரியத் தகடுகளை மிதக்க விட்டிருக்கிறார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது, சொல்லக் கூடாதென்றில்லை. காலையில் பெலிக்கனையும் நாரையையும் படம் பிடிக்கப் பெரிய கேமராவோடு வருகிறார்கள். காக்கையை யாரும் எடுப்பதில்லை. காக்கை அழியவும் இல்லை. பரிசலில் ஜிலேபி மீன் பிடிக்கிறவர்கள் கரையேறும் இடத்தில் இன்றைக்கும் காத்திருக்கிறது. அவர்களை அதற்குத் தெரியும். நம்மைத் தெரியாது. எட்டாவது மாடிப் பால்கனியில் வலை கட்டிவிட்டு, ஆடி அமாவாசையன்று பேரூர்ப் படித்துறைக்குக் காரில் இலையோடு வந்து, காக்கையைக் கெஞ்சுகிறோம். அங்கே அவற்றுக்கு அன்று வயிறு நிறைந்து போகிறது. வடையை மட்டும் பொறுக்கிக்கொண்டு சோற்றைத் தள்ளிவிடுகின்றன. வந்தவர்கள் யார் வீட்டு அப்பச்சி எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

போன வருஷம் கேபிள் அண்ணனைப் பார்த்தேன். இப்போது அவருக்குப் பேரன் இருக்கிறான், அவனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட வந்திருந்தார். பூவரச மரம் போய் வெகுகாலம் ஆயிற்று. கையில் குடை. மழையும் இல்லை, அவ்வளவு வெயிலும் இல்லை. பேரன் தலைக்கு மேலாகப் பிடித்திருந்தார்.

"இன்னுமாண்ணா?" என்றேன்.

"என்னைய உட்டுருச்சுங் தம்பி. இவன் நெம்ப என்னையாட்டவே இருக்கறான் பாருங்க."